ஆர்ஷைல் கார்க்கியின் ஓவியங்களில் ஆர்மீனியா எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான். ஆர்மீனிய அரூப ஓவியர்கள் (பார்த்த உருவத்தை அப்படியே காட்டாமல் வரைகிறவர்கள்) யார் என்று தேடினால் முதலில் ஆர்ஷைல் கார்க்கியின் பெயர்தான் வருகிறது. அவர் ஓவியரானது அமெரிக்காவில், இறந்ததும் அங்கேயே. படங்களைப் பார்த்தால் வண்ணத் திட்டுகளும் கோடுகளும்தான் கண்ணில் படுகின்றன. இதில் ஆர்மீனியா எங்கே இருக்கிறது? இன்று ஆர்மீனியாவில் அரூபமாக வரைகிறவர்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ரொம்பச் சுலபமானது: இந்த வளைவு அம்மாவின் ஏப்ரன், அந்தக் கறுப்பு உருவம் ஊர்த் தோட்டத்து மரம், சிவப்பு என்றால் 1915 ஆர்மீனிய இனப்படுகொலையின் ரத்தம். இந்த மாதிரி விளக்கங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. கார்க்கியின் ஊர் அவருடைய வேலை முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே படத்தைப் பத்து வருடம் சுரண்டிச் சுரண்டித் திரும்ப வரைந்தவர் அவர். ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிய வேண்டுமானால் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்தபோது அவர் பெயர் வொஸ்தானிக் மனூக் அதோயான். ஊர், வான் ஏரிக்கரையில் இருந்த கோர்கோம் என்ற கிராமம். அன்றைக்கு அது ஓட்டோமான் பேரரசு, இன்றைக்குத் துருக்கியின் கிழக்குப் பகுதி. பிறந்த ஆண்டு 1904 என்று பொதுவாகப் போடுகிறார்கள். 1902 என்பவர்களும் உண்டு, 1905 என்பவர்களும் உண்டு. அவரே பல தேதிகள் சொல்லியிருக்கிறார். அந்த ஏரியில்தான் அக்தமார் தீவு இருக்கிறது. அங்கே 10-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயத்தின் வெளிச்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள்: ஆதாம், ஏவாள், யோனா, திராட்சைக் கொடிகள், மிருகங்கள். சிறு வயதில் பார்த்துப் பழகிய கலை என்று ஏதாவது இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும்.

அம்மா ஷுஷான் பாதிரியார் பரம்பரையில் வந்தவர். ஓட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் மீது நடந்த 1896 படுகொலைகளில் முதல் கணவரை இழந்தவர். இரண்டாவது கணவர் சேத்ராக், கார்க்கியின் அப்பா. 1908 வாக்கில் அவர் மற்ற பல ஆர்மீனிய ஆண்களைப் போலவே அமெரிக்காவுக்குக் கிளம்பி, ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் போய்ச் சேர்ந்தார். ஷுஷான் பிள்ளைகளோடு வான் நகரத்துக்குக் குடிபோனார். 1912-இல் அங்கே ஒரு ஸ்டூடியோவில் அவரும் மகனும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அப்பா மறந்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்த படம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1915 ஏப்ரலில் வான் நகரம் ஓட்டோமான் படையின் முற்றுகைக்குள்ளானது. ஆர்மீனியர்கள் எதிர்த்து நின்றார்கள், மே மாதம் ரஷ்யப் படை வந்து சேர்ந்தது. சில வாரங்களில் அந்தப் படை பின்வாங்கியபோது ஊரே அதன் பின்னால் நடந்தது. ஷுஷானும் பிள்ளைகளும் நடந்தே யெரவான் பக்கம் வந்தார்கள். அங்கே அகதிக் கூட்டம், தொற்றுநோய், பஞ்சம். பெரிய பெண்கள் இருவரும் முன்னதாகவே அமெரிக்கா போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மகனும் கடைக்குட்டி வர்தூஷும். 1919 மார்ச்சில் அம்மா பட்டினியால் இறந்தார். அப்போது பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். அண்ணனும் தங்கையும் திபிலிசி, பாத்தூமி, கான்ஸ்டான்டினோப்பிள் வழியாகப் போய் 1920 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இறங்கினார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஆர்மீனியர்கள் நிறையப் பேர் ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். இவரும் கொஞ்ச நாள் அதே வேலைக்குப் போனார். படம் வரைந்துகொண்டிருந்ததால் வேலை போனது என்பார்கள். பிறகு பாஸ்டனில் ஓவியப் பள்ளி, 1920-களின் நடுவில் நியூயார்க். போகும் வழியில் எங்கேயோ பெயர் மாறிவிட்டது, வொஸ்தானிக் அதோயான் ஆர்ஷைல் கார்க்கி ஆனார். நமக்கெல்லாம் தெரிந்த ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கிக்குச் சொந்தக்காரன் என்றும் சொல்லிக்கொண்டார். அந்த எழுத்தாளரின் உண்மைப் பெயர் பெஷ்கோவ், 'கார்க்கி' அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்பது இவருக்குத் தெரியாதா, தெரிந்தே விட்டாரா, யார் கண்டது! அரூப ஓவியத்தின் முன்னோடியான காண்டின்ஸ்கியிடம் படித்தேன், பாரிஸில் பயின்றேன் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். எதுவும் உண்மையில்லை. அன்றைய அமெரிக்காவில் ஆர்மீனிய அகதி என்றால் "பட்டினி கிடக்கும் ஆர்மீனியர்கள்" என்று நன்கொடை விளம்பரத்தில் வரும் ஆள். ரஷ்யக் கலைஞன் என்றால் மரியாதையே தனி. இந்தப் பொய்யை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அவர் படித்த பள்ளி அருங்காட்சியகங்கள்தான். ஐரோப்பாவுக்குப் போனதே கிடையாது. மெட்ரோபாலிடன் மியூசியத்திலும் புத்தகங்களிலும் பத்திரிகைப் படங்களிலும் பார்த்துத்தான் பிரெஞ்சு ஓவியர் செசானைக் கற்றார். கற்றார் என்றால் செசானாகவே சில வருடம் வாழ்ந்தார். அசையாப் பொருள் ஓவியங்களைச் செசான் போட்ட மாதிரியே, சாய்ந்த தீற்றல்களில், போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிக்காசோ. அப்புறம் ஸ்பெயின் ஓவியர் மிரோ. ஒரு கலை வியாபாரி கேட்டபோது, ரொம்ப நாள் செசானோடு இருந்தேன், இப்போது பிக்காசோவோடு இருக்கிறேன் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. விமர்சகர்கள் இதை வைத்தே அவரைப் பல வருடம் கிண்டலடித்தார்கள். சொந்தமாக ஒன்றும் இல்லாத ஆள், நகலெடுப்பவர் என்ற பேர் 1940-கள் வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தக் காலகட்டம்தான் முக்கியமாகத் தோன்றுகிறது. இருபது வயதில் தனக்கென்று ஒரு 'பாணி' வைத்துக்கொள்ள எல்லோரும் அவசரப்பட்ட ஊரில், ஒருவர் பதினைந்து வருடம் சிஷ்யனாகவே இருந்திருக்கிறார். குருமார்கள் யாரும் அவரை ஏறிட்டும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். அந்த நேரத்தில் அவரே ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் பெரிய அரூப ஓவியரான மார்க் ராத்கோ அவரிடம் படித்தவர். கொஞ்சம் பின்னால் வந்த இன்னொரு பெரிய ஓவியர் வில்லெம் டி கூனிங், தான் எங்கிருந்து வந்தவன் என்று கேட்டால் யூனியன் ஸ்கொயர் 36-ஆம் எண்ணிலிருந்து வந்தேன் என்பார். அது கார்க்கியின் ஸ்டூடியோ முகவரி.

அந்த ஸ்டூடியோவைப் பற்றி நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: தரையைத் தானே தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார். சாப்பாட்டுக்குக் காசில்லாத நாளிலும் உயர்ந்த ரக வண்ணக் குழாய்கள் குவிந்து கிடக்கும், பெரும்பாலும் கடனில் வாங்கியவை. 1930-களில் அவர் போட்ட சில கான்வாஸ்களில் வண்ணம் அடுக்கடுக்காக ஏறி, தூக்கவே முடியாத கனத்துக்குப் போய்விட்டது. வண்ணம் வாங்க வழியே இல்லாத பொருளாதார மந்தக் காலத்தில் பேனா மையில் டஜன் கணக்கான படங்கள் வரைந்தார்.

இப்போது அந்த 1912 போட்டோவுக்கு வருகிறேன். அமெரிக்கா வந்த பிறகு அது அவர் கைக்குக் கிடைத்தது. அதை வைத்து 1926 வாக்கில் 'ஓவியனும் அவன் அம்மாவும்' என்று ஒரு படம் ஆரம்பித்தார். உண்மையில் இரண்டு படங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஐந்தடி உயரம், நாலடிக்குச் சற்று மேல் அகலம். ஒன்று நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் இருக்கிறது, அதை முடிக்க 1936 வரை ஆனது. இன்னொன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில், அது 1942 வரை இழுத்தது. முதலில் போட்டோவைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, பெரிதாக்கிக் கான்வாஸில் ஏற்றியிருக்கிறார். அம்மா முக்காட்டோடு உட்கார்ந்திருக்கிறார், பையன் கோட்டுப் போட்டுக்கொண்டு கையில் சின்னப் பூங்கொத்தோடு பக்கத்தில் நிற்கிறான். போட்டோவில் அம்மாவின் உடுப்பில், ஏப்ரனில், பூவேலை தெரியும். ஓவியத்தில் அது போய்விட்டது. அங்கே வெறும் தட்டையான ஒரு பரப்புதான்.

விட்னி படத்தின் மேற்பரப்பைக் கிட்டத்தில் எடுத்த புகைப்படங்கள் கிடைக்கின்றன, பெரிதாக்கிப் பாருங்கள். முகம் பீங்கான் மாதிரி வழவழப்பாக இருக்கும். தூரிகைத் தடமே தெரியாது. எப்படிச் செய்தார் என்பதை அவருடைய ஓவிய நண்பர் சால் ஷாரி சொல்லியிருக்கிறார். ஒரு அடுக்கு வண்ணம் பூசி, நன்றாகக் காயவிடுவது. பிறகு சவர பிளேடால் பரப்பு முழுவதையும் சுரண்டுவது. குளியல் தொட்டிக்கு மேலே கான்வாஸைப் பிடித்துக்கொண்டு ஈரத்துணியால் தூசியைத் துடைப்பது. மறுபடி ஒரு அடுக்கு. மறுபடி பிளேடு. வருடக் கணக்கில் இதே வேலை. முகத்துக்கு இத்தனை பாடுபட்டவர் கைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அம்மாவின் கைகள் விரல்களே இல்லாத வெள்ளைத் திட்டுகள். பையனின் கையும் அப்படியே.

பட்டினியில் இறந்த அம்மாவின் முகத்தைப் பத்து வருடம் தடவித் தடவிச் சுரண்டியிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். ஆனால் இதே சுரண்டலை அவர் மற்ற படங்களிலும் செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துக்கத்துக்கு என்று தனியாக ஒரு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த கைவேலையை எடுத்துக்கொண்டு துக்கத்துக்குள் போயிருக்கிறார். இது உருவ ஓவியம்தான், அரூபம் இல்லை. இருந்தாலும் பிற்காலத்து அரூபத்துக்குப் போகும் வழி இங்கேயே திறந்துவிட்டது: பூவேலையை நீக்கி, விரல்களை நீக்கி, பரப்பையும் விளிம்பையும் மட்டும் வைத்துக்கொள்வது.

இடையில் அரசாங்க வேலை ஒன்று. மந்தக் காலத்தில் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்த கூட்டாட்சித் திட்டத்தின் கீழ் நியூவார்க் விமான நிலையத்துக்குப் பத்துச் சுவரோவியங்கள் செய்தார், 1936-37-இல். விமானத்தின் பாகங்களைப் பிரித்துப் போட்டுத் தட்டையான வண்ணங்களில் கட்டிய படங்கள் அவை. பொதுமக்களுக்குப் பிடிக்கவில்லை. போர்க்காலத்தில் ராணுவம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது, சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். பல வருடம் கழித்து, 1970-களின் தொடக்கத்தில், 14 பூச்சுகளுக்கு அடியிலிருந்து இரண்டே இரண்டு பேனல்களை மீட்டார்கள். மற்ற எட்டும் போனது போனதுதான்.

1940-இல் ஆரம்பித்த 'சோச்சியில் தோட்டம்' வரிசையின் தலைப்பில் ஊர் வருகிறது, ஆனால் மாறுவேடத்தில். சோச்சி கருங்கடல் ஓரத்து ரஷ்ய ஊர், கார்க்கிக்கு அங்கே தோட்டம் எதுவும் இருந்ததில்லை. நியூயார்க் நவீனக் கலை மியூசியம் கேட்டதற்காக 1942-இல் அவர் எழுதிக்கொடுத்த குறிப்பில் விஷயம் வெளியே வருகிறது: அப்பாவின் தோட்டம், காட்டுக் காரட், முள்ளம்பன்றிகள், பாசி படிந்த ஒரு நீலப் பாறை, இலையில்லாமல் வெளுத்துப்போன ஒரு பெரிய மரம். ஊர்க்காரர்கள் வேண்டுதலுக்காகத் தங்கள் உடுப்பிலிருந்து ஒரு கிழிசலைக் கிழித்து அந்த மரத்தில் கட்டுவார்களாம். அத்தனை துணிக் கிழிசல்களும் காற்றில் படபடக்கும் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது கோர்கோம்தான். ரஷ்யன் என்று சொல்லிக்கொண்டவர் தன் கிராமத்தை ரஷ்யாவுக்கு மாற்றிவிட்டார்! படத்தில் அந்த மரம் இருக்கிறதா என்றால், செருப்பு மாதிரி ஒரு வடிவமும், மேலே படபடக்கும் சில வடிவங்களும் இருக்கின்றன. மிரோவின் சாயல் நிறையவே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கார்க்கி சொன்னதாக இணையத்தில் சுற்றும் அழகான மேற்கோள்களில் பாதிக்கு மேல் சந்தேகத்துக்குரியவை. தங்கை வர்தூஷின் மகன் கார்லென் மூராதியன், மாமா தன் தங்கை வர்தூஷுக்கு ஆர்மீனிய மொழியில் எழுதிய கடிதங்கள் என்று சொல்லி 1970-களில் நிறையக் கடிதங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்மீனிய மண், ஆர்மீனியச் சூரியன், நம் கலையே உலகின் மூத்த கலை என்று பொங்கி வழியும் கடிதங்கள் அவை. பின்னால் வாழ்க்கை வரலாறு எழுத வந்தவர்கள் மூலக் கடிதங்களைத் தேடியபோது பலவற்றுக்கு மூலமே இல்லை. மருமகன் தானே எழுதியவை என்பதுதான் இன்று ஆய்வாளர்களின் முடிவு. உண்மையாகக் கிடைத்த கடிதங்களில் சாதாரண விஷயங்கள்தான் இருக்கின்றன: வேலை எப்படிப் போகிறது, பணக் கஷ்டம், உடம்பு. ஆனால் அதற்குள் இருபது வருடக் கட்டுரைகளும் கண்காட்சிக் குறிப்புகளும் அந்தப் போலிக் கடிதங்களை வைத்தே எழுதியாகிவிட்டது. ஏப்ரன், மரம், ரத்தம் என்று படத்தில் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டும் பழக்கம் இவ்வளவு வேர்விட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தலைப்புகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1944-இல், கனவையும் ஆழ்மனதையும் கலையின் ஊற்றாக நினைத்த சர்ரியலிஸ்டுகளின் தலைவர் ஆந்த்ரே பிரெதோனோடு பழக்கம் ஏற்பட்டது. முடிந்த படங்களை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் பேசும்போது கார்க்கியின் வாயில் வந்த வார்த்தைகளிலிருந்து பல தலைப்புகள் பிறந்தன. அதாவது படம் முதலில், ஏப்ரன் பிறகு.

சரி, எது உண்மையிலேயே படத்தை மாற்றியது? ஒரு புல்வெளி. 1941-இல் அவர் ஆக்னெஸ் மக்ரூடர் என்ற இளம்பெண்ணை மணந்தார். செல்லப் பெயர் வைத்து மூகுச் என்று கூப்பிடுவார். 1943 கோடையில் வர்ஜீனியாவில் மாமனார் மாமியாரின் பண்ணைக்குப் போனார்கள். நியூயார்க்கில் கிட்டத்தட்ட இருபது வருடமாகப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தவர் அங்கே வயலில் போய் உட்கார்ந்தார். தொலைவில் உள்ள மலை, வானம் எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. புல்லுக்குள் குனிந்து, தண்டும் விதைக் காயும் பூச்சியும் வேரும் இருக்கும் மட்டத்தில் பார்த்து, பென்சிலிலும் வண்ண மெழுகுக் குச்சியிலும் வரைந்துகொண்டே இருந்தார். விவசாயக் கிராமத்தில் பிறந்த பையன் முப்பது வருடம் கழித்துத் திரும்பவும் வயலில் உட்கார்ந்திருக்கிறான். கோர்கோம் திரும்பி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன். ஏனென்றால் இங்கே அவர் எதையும் நினைவிலிருந்து இழுக்கவில்லை. எதிரே இருந்த செடியைப் பார்த்தார், கை மற்றதைச் செய்தது.

கூடவே இரண்டு தொழில் நுணுக்கங்கள். சிலி நாட்டு ஓவியர் மத்தா, வண்ணத்தை டர்பன்டைன் விட்டு நீர்க்க அடி என்று தூண்டினார். தூக்க முடியாத கனத்துக்கு வண்ணம் பூசியவர், கான்வாஸ் இழை தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பூச ஆரம்பித்தார். லண்டனின் டேட் மியூசியத்தில் இருக்கும் 'அருவி'யில் (1943) பச்சை வண்ணம் தானாகவே வழிந்து இறங்குவதைப் பார்க்கலாம். இன்னொன்று டி கூனிங் கொடுத்தது: சைன்போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் நீள மயிர்த் தூரிகை. அதில் ஒருமுறை வண்ணம் தொட்டால் கோடு அறுபடாமல் நெடுந்தூரம் போகும். 1944-க்குப் பிந்தைய கார்க்கியை அடையாளம் காட்டுவதே இந்த இரண்டும்தான், நீர்த்த வண்ணமும் அதன் மேல் சாட்டை மாதிரி ஓடும் மெல்லிய கறுப்புக் கோடும்.

'கல்லீரல்தான் சேவலின் கொண்டை' (1944) பஃபலோ நகர மியூசியத்தில் இருக்கிறது. ஆறடி உயரம், எட்டடி அகலம், அவர் போட்டவற்றில் பெரியவற்றுள் ஒன்று. சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். இறகா, நகமா, உடல் உறுப்பா என்று தெரியாத வடிவங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேகத்தில் போட்ட படம் என்று தோன்றும். ஆனால் இதன் கிட்டத்தட்ட முழு அமைப்பும் 1943-இல் தாளில் வரைந்த ஒரு படத்திலேயே இருக்கிறது. அதைப் பெரிதாக்கித்தான் கான்வாஸில் ஏற்றினார். அம்மாவின் போட்டோவுக்குக் கட்டம் போட்டாரே, அதே வேலை. கார்க்கியை அமெரிக்க 'ஆக்‌ஷன்' ஓவியர்களின் முன்னோடி என்று சொல்லும்போது இதை மறந்துவிடுகிறார்கள். அந்த ஓவியர்களில் பேர்பெற்ற ஜாக்சன் பொல்லாக் மாதிரி வண்ணத்தை வீசியவர் அல்ல இவர். முன்கூட்டியே வரைந்து, எடுத்து எழுதிய ஆள்.

'என் அம்மாவின் பூவேலை ஏப்ரன் என் வாழ்க்கையில் எப்படி விரிகிறது' என்ற நீளத் தலைப்புப் படமும் 1944-தான், சியாட்டிலில் இருக்கிறது. அதில் ஏப்ரனைத் தேடாதீர்கள், கிடைக்காது. வழிந்த வண்ணங்கள், நடுநடுவே அவிழ்ந்த நூல் போலக் கோடுகள், அவ்வளவுதான். ஆனால் முதல் படத்தில் அந்த உடுப்பின் பூவேலையைத் துடைத்து எடுத்தவர் இவர்தான் என்பது ஞாபகம் இருந்தால், இந்தத் தலைப்பு வேறு மாதிரி கேட்கும்.

கடைசி மூன்று வருடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதை வைத்தே அவரைச் சோக நாயகனாக்கி நிறைய எழுதிவிட்டார்கள். 1945 மார்ச்சில் ஜூலியன் லெவியின் கேலரியில் தனிக் கண்காட்சி, முன்னுரை பிரெதோன் எழுதியது. 1946 ஜனவரியில் கனெக்டிகட்டில் ஸ்டூடியோ தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் கருகின. சில வாரங்களில் குடல் புற்றுநோய், பெரிய அறுவை சிகிச்சை. அந்த வருடக் கோடையிலேயே மறுபடி வர்ஜீனியா போய் ஏறத்தாழ 300 சித்திரங்கள் வரைந்தார். எனக்கு நம்ப முடியாத எண்ணிக்கை இது. எழுந்து நிற்கவே சிரமப்பட்ட மனிதர் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்திருக்கிறார். 'நிச்சயதார்த்தம்', 'வேதனை', 'கலப்பையும் பாட்டும்' எல்லாம் 1947 வாக்கில் வந்தவை. 1948-இல் முக்கிய விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் மனம் திறந்து பாராட்டினார். முன்னே குறை சொன்ன அதே ஆள். ஜூன் மாதம் கார் விபத்து, கழுத்தெலும்பு முறிவு, வரையும் கை கொஞ்ச காலம் செயலிழந்தது. குடும்பமும் பிரிந்தது, இரண்டு பெண் குழந்தைகளோடு மூகுச் போய்விட்டார். ஜூலை 21 அன்று கார்க்கி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது நாற்பத்து நாலோ என்னவோ.

அந்த முடிவை வைத்துப் பின்னோக்கிப் படங்களைப் படிப்பது நியாயமில்லை. 'வேதனை'யின் சிவப்பு நோயிலிருந்து வந்தது என்பார்கள். அதே வருடத்துக் 'கலப்பையும் பாட்டும்' படங்களில் பொன்னிறமும் வயல்வெளியின் நிதானமும் இருக்கின்றனவே, அவை எதிலிருந்து வந்தன?

இனி இரண்டாவது கேள்வி. கார்க்கியை ஆர்மீனிய அரூப ஓவியத்தின் தந்தை என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நியூயார்க்கில் வரைந்துகொண்டிருந்தபோது சோவியத் ஆர்மீனியாவில் அரூபம் என்பது 'உருவவாதம்' (கருத்தை விட்டு வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்வது) என்ற குற்றச்சாட்டுக்கு உரிய விஷயம். அங்கே பெரிய ஆள் மார்த்திரோஸ் சார்யான், வண்ணத்தில் துணிச்சல்காரர், ஆனால் மலை மலையாகவும் பழம் பழமாகவும்தான் இருக்கும். ஸ்டாலின் மறைவுக்குப் பின் கொஞ்சம் காற்று வந்தது. 1972-இல் விமர்சகர் ஹென்ரிக் இகித்யான் முயற்சியில் யெரவானில் ஒரு நவீனக் கலை மியூசியம் திறந்தார்கள். சோவியத் யூனியனிலேயே அந்த மாதிரி முதல் அரசு மியூசியம் அதுதான். செய்ரான் கத்லமாஜியன் போன்றவர்கள் அந்தக் காலத்திலேயே அரூபத்தின் பக்கம் போனவர்கள். 1987-இல் கலைஞர் சங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இளைஞர்கள் கண்காட்சி நடத்த, அந்த இயக்கத்துக்கே 'மூன்றாவது மாடி' என்று பெயர் வந்துவிட்டது. ஆர்மன் கிரிகோர்யன் அதன் முன்னணி ஆள். கிகி என்ற பெயரில் வரையும் கிரிகோர் மிகாயேல்யன் அந்தக் கூட்டத்திலிருந்து வந்த அரூப ஓவியர். அடுத்த வருடம் நிலநடுக்கம், 1991-இல் சுதந்திரம், 1992-இல் சோனியா பாலசானியானும் அவர் கணவரும் தொடங்கிய சோதனைக் கலை மையம் என்று கதை வேறு பாதையில் போகிறது. இவர்களுக்கு எதிரே நின்றது சோவியத் அதிகாரப்பூர்வக் கலை. கார்க்கிக்கு எதிரே நின்றவர்கள் செசானும் பிக்காசோவும். இரண்டையும் ஒரே குடும்ப மரத்தில் தொங்கவிட வேண்டிய அவசியமில்லை.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், பெரிய வண்ணப் படங்களிலிருந்து வேண்டாம். விட்னி படத்தையும் வாஷிங்டன் படத்தையும் இரண்டு ஜன்னல்களில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். முகங்களை விட்டுவிட்டு ஏப்ரன் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிறகு 1943-இன் வர்ஜீனியா பென்சில் படங்கள், அதில் எந்தக் கோடு செடியைப் பார்த்து வந்தது, எது கையின் போக்கில் வந்தது என்று பிரிக்க முடிகிறதா பாருங்கள். 'கல்லீரல்' அதற்குப் பிறகு வரட்டும்.